பொத்துவில் லொறியில் போன யுத்தம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவன் ஆண்தான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் பெண் எடுத்தவன் கொடுத்துவைத்தவன். நினைத்த நேரம் உம்மாவின் குசினிக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்க்கலாம். என் கூட்டாளிக்குப் பெண் பொத்துவிலில் பொருந்தியது.

கல்முனையிலிருந்து பொத்துவில் அப்படி ஒன்றும் உலகத்தின் அந்தம் இல்லை. ஆனால் நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருக்கோவிலைத் தாண்டிவிட்டால் கோமாரிப் பக்கத்துக் காட்டு றோட்டில் இன்றைக்கு பஸ் ஓடும், நாளைக்கு ஓடாது. ஏன் ஓடவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த றோட்டுக்கு அங்கால் அவனைக் கொண்டுபோய் வைக்கிறார்களே என்று எனக்குச் சரியான கோபம். "உலகத்துல வேற பொம்புள கிடைக்கல்லியா இவனுக்கு?" என்று கலியாண வீட்டிலேயே கேட்டேன். அவனுடைய உம்மா என் கையில் நல்லாகக் கிள்ளினார். அவரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கிள்ளினால் இரண்டு நாளைக்கு நோகும்.

மாப்பிள்ளையை ஏற்றிப்போன வானில் அவன் மடியில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கொழும்பில் ஒன்றாகக் கொம்பியூட்டர் படித்தவர்கள். நான் ஊருக்கு வந்து என் சொந்த மாமாவின் அச்சகத்தில் கலியாணக் கார்டுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அவன் யாரோ கழித்துவிட்ட பழைய மிசின் ஒன்றை வாங்கி, மாமனார் வீட்டு முன்னறையில் வகுப்புத் தொடங்கப்போவதாகச் சொன்னான். பெண் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மாப்பிள்ளை டீவி கொண்டுவந்திருக்கிறார் என்று படம் பார்க்கக் கூடிவிட்டார்களாம். படம் இல்லை என்றதும் சில பேர் அழுதார்களாம்.

அந்த மிசினிலும் அச்சகத்தில் இருந்த என் மிசினிலும் ஒரே விளையாட்டு இருந்தது. கொழும்பில் படிக்கும்போது யாரிடமோ பிரதியெடுத்தது. யுத்த விளையாட்டு. தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்ட ஒரு பனி நாடு, நடுவில் ஆறு, ஆற்றுக்கு இரண்டு பாலங்கள், வாயில் நுழையாத பெயர்களில் சின்னச் சின்ன ஊர்கள். அவனுடைய படை பச்சை, என்னுடையது சாம்பல். ஒருவன் தன் படைகளை எல்லாம் நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவனுக்கு முறை வரும். வெளியே நிஜமாகவே ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது உங்களுக்கு இதுவொரு கேடா என்று மாமா கேட்டார். இந்த விளையாட்டு யுத்தத்தில் யார் எங்கே நிற்கிறான் என்று தெரியும், ஒருவன் முடிக்கும் வரை மற்றவன் பொறுத்திருப்பான், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அவன் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொண்டோம். பொத்துவிலில் இருந்து ஒரு மீன் லொறி விடியற்காலையில் எங்கள் சந்தைக்கு வரும், மீனை இறக்கிவிட்டு ஐஸ் ஏற்றிக்கொண்டு திரும்பிப்போகும். நான் என் முறையை ஆடி, ஃபிளொப்பி டிஸ்க்கில் சேமித்து, கலியாணக் கார்டு வெட்டிய மிச்ச மட்டைக்குள் வைத்து ஒட்டி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அவன் ஆடிவிட்டு அதே டிஸ்க்கை அதே லொறியில் திருப்பி அனுப்புவான்.

"ஒரு முறையும் தவறக்கூடாது மச்சான்" என்றான். "ஆட ஒண்டுமில்லாட்டியும் சும்மா சேமிச்சு அனுப்பு. வெறும் டிஸ்க் வந்திச்செண்டா நீ மௌத்தெண்டு நினைச்சு ஜனாசாவுக்கு மண் போட வந்திருவன், விளங்கிச்சா?"

"வாறதெண்டா வெறுங்கையோட வராத. நல்ல எருமைத் தயிரா ரெண்டு சட்டி கொண்டு வா" என்றேன். இப்படித்தான் நாங்கள் பிரிந்தோம். கட்டிப்பிடிப்பது, கண் கலங்குவது எல்லாம் எங்களுக்கு வராது.

லொறி டிரைவர் ஒரு நல்ல முஸ்பாத்திக்காரர், வாயைத் திறந்தால் பகிடிதான். முதல் தடவை மட்டையை வாங்கிப் பார்த்தவர், அதில் பொன்னெழுத்தில் பாதி 'நிக்காஹ்' தெரிவதைக் கண்டுவிட்டு, "இப்பத்தானே அவனுக்கு முடிச்சி வெச்ச? அதுக்குள்ள அடுத்ததா?" என்று கேட்டார். டிஸ்க் திரும்பி வரும்போது சூரை மீன் நாறும். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, அச்சகத்தை மீன் சந்தையாக்கிவிட்டாய் என்று ஏசுவார்.

மாமி இதற்குள் எப்படி வந்தார் என்றால், மகனுடைய கடிதங்களால் வந்தார். அவன் உம்மாவுக்கு ஒழுங்காகத்தான் எழுதினான். ஆனால் எல்லாக் கடிதமும் ஒரே கடிதம். நான் சுகம், நீங்கள் சுகமா, துஆச் செய்யுங்கள். மாமி அதை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது போன மாசக் காயிதம்தானே?" என்பார். மகன் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்து பார்க்கலாமே என்றால் அதுவும் முறையில்லை. அது அவனுடைய வீடில்லை, மருமகளுடைய வீடு. சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையின் தாய் ஒரு பகல் சோறு தின்றுவிட்டு எழும்பிவிட வேண்டும். அந்த ஒரு பகலுக்குக்கூட அந்த றோட்டில் போக அவரை யாரும் விடவில்லை. அவன் வர வேண்டிய பெருநாளும் றோட்டு மூடிக் கிடந்ததால் சும்மா போய்விட்டது.

ஒருநாள் அவர் கடிதத்தோடு வந்தபோது நான் திரையில் அவனுடைய முறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவன் ஆட்டம் சரியில்லை. பாதிப் படையை நகர்த்தாமல் அப்படியே விட்டிருந்தான். ஒரு மூலையில் நிற்கிற டாங்கிக்கு எண்ணெய் முடிந்து கிடக்க, அதைக்கூடக் கவனிக்கவில்லை. அவன் அப்படி ஆடுகிறவன் இல்லை. "இவனுக்குச் சுகமில்லப் போல" என்று எனக்குள் முணுமுணுத்தேன். மாமிக்குக் கேட்டுவிட்டது.

"ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல மாமி. ஆட்டத்தப் பார்த்தா காய்ச்சல்காரன் ஆடின மாதிரி இரிக்கி."

அடுத்த லொறியில் காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போயின. டிரைவர் திரும்பி வந்து, "ஓம், புள்ளைக்கு மலேரியா. படுத்த படுக்கையாக் கிடந்து இப்பத்தான் ஒழும்பி இரிக்கான். ஆரு உங்களுக்குச் சொன்ன?" என்று வியந்துபோய்க் கேட்டார். அன்றோடு மாமிக்குக் கடிதங்களின் மேல் இருந்த கொஞ்ச மதிப்பும் போய்விட்டது.

அதற்குப் பிறகு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நேரே அச்சகத்துக்கு வந்துவிடுவார். காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிசினத் திற மகன்" என்பார். டிஸ்க் வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, திறந்து காட்ட வேண்டும். வராத நாளில் பழைய முறையையே பார்ப்பார். டாங்கி அவருக்கு டிரக்டர். பனி அவருக்கு அரிசிமா. "எங்கட புள்ளட டிரக்டர் எங்க நிக்கி? மாவுக்குள்ள புதைஞ்சி போயிட்டா?" என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடுவார். பச்சை எல்லாம் மகன். பச்சை முன்னுக்கு வந்தால் மாஷா அல்லாஹ். பச்சை வரிசை பிசகாமல் நின்றால் மகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான். பச்சை கண்டபாட்டுக்குப் பாய்ந்தால் மாமனாரோடு ஏதோ மனத்தாங்கல். இதையெல்லாம் நான்தான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பாதிக்கு மேல் சரியாக இருந்தது என்று டிரைவர் வந்து சொல்லும்போது எனக்கே பயமாக இருக்கும்.

என் பாடுதான் திண்டாட்டம். அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பச்சையை அடிக்க முடியாது. அடித்தால், "என்ட புள்ளய ஏன்டா இந்த அடி அடிக்கிறாய்? உனக்கு என்ன செஞ்சான் அவன்?" என்று முதுகில் ஒன்று விழும். அதனால் அவர் வருவதற்கு முன்பே அடிக்க வேண்டியதை அடித்து முடித்துவிட்டு, அவர் வந்ததும் ஒன்றும் தெரியாதவன் போல இருப்பேன். அப்படியும் கண்டுபிடித்துவிடுவார். "நேத்து இஞ்ச ஒண்டு நிண்டிச்சே?" என்பார்.

அந்த வருசத்து மழைக்கு முன்னால் றோட்டு மோசமாகத் தொடங்கியது. கோமாரிப் பக்கம் ஏதோ நடந்தது என்று ஒருவன் சொல்வான், ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொருவன் சொல்வான். லொறி வருவது குறைந்தது. பொத்துவிலுக்கு டெலிபோன் எடுத்தால் லைன் செத்துக் கிடக்கும். நான் அப்போதுதான் என் வாழ்நாளிலேயே நல்ல தாக்குதல் ஒன்றை ஆடி முடித்திருந்தேன். இரண்டு பாலத்தையும் ஒரே முறையில் பிடித்துவிட்டேன். அந்த டிஸ்க்கை அவன் திறக்கும்போது அவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

டிஸ்க்கை மட்டைக்குள் வைத்து ஒட்டும்போது மாமி வந்தார். "இந்த முறை நான் குடுக்கிறன் மகன். றோட்டு சரியில்ல. பள்ளிவாசல் லெப்பைட்டக் குடுத்து ஓதி ஊதி அனுப்பினா மனசுக்கு ஒரு தைரியம்" என்றார். எனக்குத் தலைக்கு மேலே கலியாணக் கார்டு வேலை. நல்லது மாமி என்று கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கைலேஞ்சியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். விடியற்காலையில் அவரே சந்தைக்குப் போய் டிரைவரிடம் கொடுத்ததாக வந்து சொன்னார். லொறி போனது. அன்று பின்னேரமே றோட்டை மூடிவிட்டார்கள்.

பிறகு ஒன்றும் வரவில்லை. லொறியும் இல்லை, கடிதமும் இல்லை, டெலிபோனும் இல்லை. மாமி மட்டும் நாள் தவறாமல் வந்தார். "மிசினத் திற மகன்." நான் அனுப்பிய முறையின் பிரதி என் மிசினில் இருந்தது, அதைத் திறப்பேன். பச்சை எல்லாம் நான் அடித்து நொறுக்கிய கோலத்தில் நிற்கும். "இன்னும் அதே இடத்துலயா நிக்கான்?" என்று கேட்பார். ஓம் மாமி, அவன் ஆடி அனுப்பினால்தான் மாறும் என்பேன். "எத்தினை நாளா ஒரே இடத்துல நிக்கான் புள்ள?" என்று சொல்லிவிட்டு அழுவார். ஒரு விளையாட்டை இப்படி வெறுக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் வாயால் சொல்லவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படி இருந்த ஒரு பின்னேரம், வாசலில் நிழல் விழுந்தது. கார்டு கேட்டு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "நாளைக்கு வாங்க" என்று திரும்பாமலே சொன்னேன். நிழல் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவன். தாடி வளர்ந்து, சேட்டெல்லாம் புழுதி படிந்து, காலில் ஒரு செருப்பு அறுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னையே பார்த்தான்.

"நீ இரிக்கியாடா?" என்றான்.

"இரிக்காம? எங்க போற?"

உள்ளே வந்தவன் பளார் என்று என் கன்னத்தில் ஒன்று வைத்தான். அதே கையால் என் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுசன், குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கன்னம் எரிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. "தயிர் எங்கடா?" என்று கேட்டேன்.

"நாசமாப் போறவனே" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

டிஸ்க் வெறுமையாகப் போயிருந்தது. அவனுடைய மிசின் அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டதாம். டிஸ்க் பழுதாகும் என்று தெரியாதவனா அவன்? தெரியும். ஆனால் எப்போதும் நான் கொடுக்கிற டிஸ்க்கை இந்தத் தடவை அவனுடைய உம்மா கொடுத்தார் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். சொன்னவர் அவசரத்தில் போய்விட்டார். றோட்டும் மூடிவிட்டது, கேட்க ஆளில்லை. வெறும் டிஸ்க், அதுவும் உம்மாவின் கையிலிருந்து. நான் செத்துப்போய்விட்டேன், அதுதான் உம்மா என்னுடைய கடைசிச் சாமானை அனுப்பியிருக்கிறார் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கரையோர றோட்டை விட்டு, மொனராகலைப் பக்கமாகச் சுற்றி, பஸ் மாறி மாறி, அம்பாறை வழியாக வந்து சேர்ந்திருக்கிறான். சோதனைச் சாவடி சாவடியாக அந்த டிஸ்க்கை எடுத்து இது என்ன என்று கேட்டார்களாம். விளையாட்டு என்றால் ஒருவரும் நம்பவில்லையாம்.

மாமி முக்காலியை விட்டு எழும்பவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் போய் அவர் காலடியில் குந்தினான். அவர் அவனுடைய தலை, தாடி, தோள் எல்லாம் தடவிப் பார்த்தார்.

"அந்த டிஸ்க்கை லெப்பை எங்க வெச்சு ஓதினார் மாமி?" என்று கேட்டேன். எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல இடத்துலதான் மகன். பள்ளில பழைய மைக்குப் புனல் கழட்டி வெச்சிரிக்கிதானே, அதுட பின்பக்கம், தடிச்சு வட்டமா இரிக்குமே, அதுக்கு மேல. ஆருட காலும் படாத உயரம். மஃரிபுல இருந்து சுபஹு மட்டும் அதுலதான் இருந்த. பரக்கத்தான இடம். குத்தூசியெல்லாம் தானா வந்து ஒட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்."

நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். ஒலிபெருக்கியின் காந்தம். காந்தம் பட்டால் டிஸ்க்கில் எழுதியது அழிந்துபோகும், அதன் மேல் ஒரு ராத்திரி கிடந்தால் என்ன மிஞ்சும்? நான் வாயைத் திறக்கப்போனேன். அவன் என் காலை மிதித்தான்.

"என்ன சொல்லி ஓதச் சொன்னீங்க உம்மா?" என்று கேட்டான்.

"வேற என்னத்த? றோட்டால ஒரு கரைச்சலும் இல்லாம என்ட புள்ள என்ட கண்ணுக்கு முன்னால வந்து நிக்கணுமெண்டுதான்."

"நான் இவன்ட ஜனாசாவுக்கெல்லோ வந்தன்" என்றான் அவன், சிரிப்பும் அழுகையுமாக.

"ஆருக்கு வந்தா என்ன? வந்தாய்தானே."

நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தக் காந்தத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அவன் அடுத்த கிழமை திரும்பிப் போனான். பிறகு றோட்டுத் திறந்து, லொறி ஓடி, டிஸ்க்கும் ஓடியது. மாமி ஓதாமல் ஒன்றையும் அனுப்பவிடமாட்டார் என்பதால் இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டோம். வெறும் டிஸ்க் ஒன்று பள்ளிக்குப் போய் வரும், விளையாட்டு டிஸ்க் என் மேசையில் இருக்கும், இரண்டும் ஒரே மட்டைக்குள் போகும். ஓதியதை அவன் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிவதாக டிரைவர் சொன்னார். என்னுடைய அந்தப் பெரிய தாக்குதலை மட்டும் அவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிரதி இருக்கிறது, திரும்ப அனுப்புகிறேன் என்றால், "ஏலாது மச்சான், உம்மா ஓதி அதை நிப்பாட்டிட்டா" என்பான். அந்த யுத்தம் முடியவே இல்லை. டெலிபோன் வந்தது, மாமா மிசினை மாற்றினார், பச்சையும் சாம்பலும் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் நின்றபடியே நின்றுவிட்டன.

அவன் வந்த அன்று பின்னேரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். திரையில் இன்னும் அந்தப் பாலமும் நொறுங்கிய பச்சையும்தான். வந்ததுதான் வந்தான், அவன் முறையை இங்கேயே ஆடட்டுமே என்று, கீபோர்டை அவன் பக்கம் தள்ளிவிட்டேன். அவனும் கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அடப் பாவி, ரெண்டு பாலமும் போயிட்டா?" என்று கையை நீட்டினான். மாமி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

"மிசின மூடு மகன்."